எருமைக்கு ஆயுத பூஜை

இராஜம்மாவின் முதுகில் துப்பாக்கி குத்தியது ஒரு கல்யாண மண்டபத்தில். அதுவும் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில். கெட்டிமேளம் முழங்கியதால் அவள் "ஐயோ" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. வீட்டுக்குப் போய் ரவிக்கையை உதறிப் பார்த்தால் உள்தையலில் ஒரு கறுப்புக் குச்சி. நெல்மணி நீளம்தான் இருக்கும். மறுநாள் காலையில் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்துவிட்டாள், தைத்துக் கொடுத்த மாதவியைக் கேட்க.

"என்னா இது மாதவி? ஊசி உடைஞ்சு உள்ள போயிடுச்சா?"

மாதவி காகிதத்தைப் பார்த்தாள். பின்னறைப் பக்கம் திரும்பி, "என்னங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள். குரலில் அவ்வளவு சர்க்கரை. அந்தச் சர்க்கரை என்ன வியாதியைக் கொண்டுவரும் என்று, இருபத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்த பரமேஸ்வரனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வந்தார். குச்சியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேதான் தப்புச் செய்தார்.

"கிடைச்சிடுச்சா! மூணு வாரமா தேடுறேன் லா இதை! இடது றெக்கைத் துப்பாக்கி!"

"துப்பாக்கியா?" என்று இராஜம்மா தன் முதுகைத் தடவிக்கொண்டாள்.

"விமானத்தோட துப்பாக்கிக்கா. பயப்படாதீங்க, சுடாது."

"குத்துது தம்பி!"

பரமேஸ்வரன் ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அச்சுக்கூடத்தில் மேற்பார்வையாளர். பச்சையில் பதினாறு பச்சையைக் கண்ணாலேயே பிரித்துச் சொல்லக்கூடிய மனிதர். வேலை விட்டு வந்தால் அவருக்கு ஒரே கிறுக்கு: அந்தக் காலத்துப் போர் விமானங்களை உள்ளங்கை அளவில் செய்வது. பெட்டிக்குள் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் வரும். ஒவ்வொரு துண்டாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, இடுக்கு அடைத்து, வண்ணம் அடித்து, ஓட்டுகிறவன் உட்காரும் இருக்கையின் பட்டை வரைக்கும் வைப்பார். சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவருடைய விமானத் தளம்.

மாதவிக்கோ அப்படி ஓர் அறை இல்லை. அவள் தையல் இயந்திரம் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். அதே மேசையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவரும் சில நாள் வந்து உட்காருவார். இறக்கைத் துப்பாக்கி ரவிக்கைக்குள் போனது அப்படித்தான்.

இராஜம்மாவுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, ரவிக்கைக்குப் புது உள்துணி வைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியபின், மாதவி கதவைச் சாத்தினாள்.

"தீபாவளிக்கு எனக்கு எண்பது ரவிக்கை இருக்கு. பங்சார்லேர்ந்து காருல வர்ற பெரிய இடத்துக்காரங்களை செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல நிக்கவச்சு அளவு எடுக்கிறேன். வெக்கமா இருக்கு. அந்த ரூமு எனக்கு வேணும்."

"மாதவி, கிள்ளான்ல மாடல் போட்டி வருது. இந்த ஒரு வாட்டி..."

"மூணு வருஷமா இந்த ஒரு வாட்டிதான். சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். இந்தப் போட்டியில பரிசு வாங்கிட்டு வாங்க. ரூமு உங்களது, நான் வாயைத் திறக்கமாட்டேன். வாங்காம வந்தீங்கன்னா, என் மெஷின் உள்ள. உங்க பெட்டி பெட்டியா இருக்கிறதெல்லாம் வெளிய."

"எந்தப் பரிசா இருந்தாலும் சரியா?"

"பரிசுன்னா பரிசு. ஆறுதல் பரிசுகூட போதும். நான் என்ன கல் நெஞ்சுக்காரியா?"

பரமேஸ்வரன் சாமி படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவர் அந்த வருஷம் எடுத்திருந்தது ‘பஃபலோ’ என்ற விமானம். நாற்பத்தொன்றில் ஜப்பான்காரன் வந்தபோது இதே மலாயா வானத்தில் பறந்து அவனை எதிர்த்தது. மற்றப் போர் விமானங்கள் மீன் மாதிரி ஒல்லியாக இருக்கும். இது மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். வேகத்திலும் அப்படித்தான், பாவம், ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

"உலகத்துல எத்தனை அழகான பிளேன் இருக்கு. தேடிப் பிடிச்சு இந்தக் குண்டைக் கொண்டாந்திருக்கீங்க" என்பாள் மாதவி, அறையைக் கடந்து போகும்போதெல்லாம்.

"நம்ம ஊர்ல பறந்த குண்டும்மா."

இரண்டு மாதம் அதற்காகத் தவம் கிடந்தார். மைலோ டின்னுக்குள் மூடியிருக்கும் ஈயத்தாளைக் கீற்றாக வெட்டி இருக்கைப் பட்டை செய்தார். வாலில் எண் ஒட்டும் நாளில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வீடே அன்றைக்கு வெந்தது. எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது வானொலிக் கம்பியில்தான். விமானி இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பம். அதிலிருந்து வால் நுனிவரை மயிரிழைபோல் ஒரு கம்பி. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து இழுத்து, நாற்பத்து மூன்றாவது முயற்சியில் ஒன்று சரியாக வந்தது.

இத்தனையும் யாருக்காக என்றால், விமலனுக்காக. விமலன் கிள்ளானில் பல் மருத்துவர். பல் தோண்டும் கருவியாலேயே விமானத்தையும் தோண்டுவார். மூன்று வருஷமும் முதல் பரிசு அவருக்குத்தான். வாங்கிக்கொண்டு சும்மா போகமாட்டார். பரமேஸ்வரனின் மேசைக்கு வந்து, குனிந்து, பல் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். "அழகு அண்ணே. ஆனா இந்த எண்ணெய் மூடி அந்தப் பக்கம்லா இருக்கணும்?" என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை அடுத்த போட்டி வரைக்கும் பரமேஸ்வரனுக்குச் சொத்தைப் பல்லாக வலிக்கும்.

போட்டி சனிக்கிழமை. மதியம் பன்னிரண்டுக்குள் விமானத்தைக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். அதே சனிக்கிழமை காலையில், கிள்ளானில் மாதவியின் அக்கா சீதாலெட்சுமியின் வீட்டில் ஆயுத பூஜை.

அதற்குப் போகாமல் இருக்க முடியாது. சீதாலெட்சுமியின் புருஷன் தம்புசாமிக்கு ஆறு லோரிகள். ஒரு வருஷம் ஐந்துக்குப் பூஜை போட்டு, பழுதுபார்க்கப் போயிருந்த ஆறாவதை விட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே அது ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலையோடு வாய்க்காலில் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து சீதாலெட்சுமியின் கண்ணில் பட்ட சக்கரம் எதுவும் திருநீறு இல்லாமல் தப்பியதில்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுச் சீனரின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். அந்த மனிதரும் நல்லவர். ஒரு மாதம் துடைக்காமல் ஓட்டினார்.

வீட்டை ஒட்டி லோரி நிற்கும் திடலுக்குப் பரமேஸ்வரனும் மாதவியும் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காரில் விட்டால் வெயிலில் பசை இளகிவிடும் என்று, விமானப் பெட்டியை அவர் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய்த் திடலின் அலுவலக மேசையில் வைத்தார்.

"பெட்டியில என்னா தம்பி?" என்றாள் சீதாலெட்சுமி. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் எலுமிச்சம்பழக் கூடை.

"போட்டிக்குப் போற விமானம்க்கா."

"பேரு என்னா?"

"பஃபலோ."

"அப்படின்னா?"

"எருமை."

சீதாலெட்சுமியின் கை அப்படியே நின்றது. "எருமையா? எமன் ஏறுற வண்டியாச்சே தம்பி!"

"ஓட்டினவங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கக்கா" என்று சிரித்துவிட்டு, வடை மணம் வந்த திசையில் நடந்தார் பரமேஸ்வரன். தான் சொன்னது வேடிக்கைப் பேச்சு என்று அவர் நினைத்தார். கேட்டவள் அப்படி நினைக்கவில்லை.

சமையலுக்குப் போட்ட கொட்டகைக்குப் பின்னால் சுடச்சுட வடை. இரண்டாவது வடையில் இருக்கும்போது முன்பக்கம் மணிச் சத்தம். பிறகு பூசணி உடைந்த சத்தம். பிறகு ஒவ்வொரு லோரியாக உறுமிக்கொண்டு நகர, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் ‘டப்’, ‘டப்’ என்று வெடித்தது. அவர் தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டு வந்தார். ஆறு லோரி. பிறகு பாரம் தூக்கும் வண்டி. பிறகு புல் வெட்டும் இயந்திரம். முடிந்தது என்று மூன்றாவது வடையை வாயருகே கொண்டுபோனபோது இன்னொரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம்.

‘டிக்’.

பரமேஸ்வரன் வடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

பெரிய லோரியிலிருந்து சின்ன லோரிவரை வரிசை, அப்புறம் பாரவண்டி, புல் வெட்டி. அவற்றுக்கெல்லாம் கடைசியில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியின்மேல், வாழையிலைத் துண்டில் அமர்ந்திருந்தது பஃபலோ. இரண்டு இறக்கையிலும் மும்மூன்று திருநீற்றுப் பட்டை. மூக்கில் சந்தனம், அதன் நடுவில் வெள்ளிக்காசு அளவு குங்குமம். கண்ணாடிக் கூண்டின்மேல் ஒரு முழம் மல்லிகை. லோரிகளுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, ஒரு துளி குறையாமல்.

"அக்கா!"

"பதறாதீங்க தம்பி. எனக்குத் தெரியாதா? சின்ன வண்டிக்குச் சின்னப் பழம்தான் வச்சேன். கஸ்தூரி எலுமிச்சை. பின்னால குட்டியா ஒரு சக்கரம் இருந்துச்சு பாருங்க, அதுக்குப் பழம் கொள்ளலை. சர்க்கரைப் பொங்கல்லேர்ந்து ஒரு திராட்சையை எடுத்து வச்சேன்."

"அது மேல... ஏத்தினீங்களா?"

"ஏத்தாம? எஞ்சின் இல்லல்ல. நானே புடிச்சு லேசா அழுத்தினேன்."

கஸ்தூரி எலுமிச்சை சின்னப் பழம்தான். ஆனால் அந்தச் சக்கரம் அதைவிடச் சின்னது. சக்கரம் தாங்கும் இடதுகால் முறிந்து இறக்கைக்கடியில் மடங்கியிருந்தது. மல்லிகைச் சரம் வானொலிக் கம்பியை எங்கே கொண்டுபோயிற்று என்றே தெரியவில்லை. நாற்பத்து மூன்றாவது முயற்சி!

பரமேஸ்வரனுக்கு வாயில் தப்பான பேச்சாக வந்தது. கொட்டகையிலிருந்து ஓடிவந்த மாதவியைப் பார்த்து, "நீதான் அக்காகிட்ட சொல்லிவிட்டியா? ரூமுக்காக?" என்றார்.

மாதவி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கைவரை தேங்காய்த் துருவல். "அம்பது பேருக்குச் சட்னிக்குத் துருவிக்கிட்டு நிக்கிறேன். நான் சதி பண்ணணும்னா மொத்தமா பண்ணியிருப்பேன், இப்படி ஒரு காலை மட்டும் ஒடைக்கமாட்டேன்."

சீதாலெட்சுமிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தம்பி, நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று உதடு துடித்தது. அதைப் பார்த்தபின் பரமேஸ்வரனால் கோபப்படவும் முடியவில்லை. கோபமும் போய், நேரமும் போய்க்கொண்டிருந்தது. மணி பத்தே கால்.

தம்புசாமி ஒரு பசைக் குழாயோடு வந்தார். "சகலை, இந்தாங்க. லோரி பம்பரையே புடிக்கும்."

பரமேஸ்வரன் அலுவலக மேசையில் உட்கார்ந்தார். கால் ஒட்டியது. கொஞ்சம் கோணல்தான், கல்லில் இறங்கிய விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது திருநீறு. ஈரப் பஞ்சால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பட்டை அழிந்தது. ஆனால் சாம்பல் போகவில்லை. பளபளப்பில்லாத வண்ணத்தில் போய்ப் படிந்துகொண்டது. தகட்டு இணைப்புக் கோடுகளிலெல்லாம் புகுந்துகொண்டது. குங்குமமோ அதற்கும் மேல். மூக்கில் துடைத்தால் வயிற்றுக்கு வழிந்தது. வயிற்றில் துடைத்தால் சக்கரத்துக்குப் போயிற்று.

"விடுங்க. இனிமே தொட்டா ஹோலிப் பண்டிகை ஆயிடும்" என்றாள் மாதவி. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். "அந்தக் கம்பிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுலதான் எல்லாம் இருக்கு. கம்பி இல்லாம போனா விமலன் வாசல்லேயே சிரிப்பான்."

மாதவி கைப்பையைத் திறந்தாள். தையற்காரி கைப்பை, அதில் எப்போதும் ஊசி இருக்கும். கறுப்பு நூலில் ஒரு முழம் வெட்டி, முறுக்கைப் பிரித்து, பிரித்ததையும் பிரித்து, ஊதினால் பறக்கிற ஓர் இழையை மட்டும் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கேர்ந்து எதுக்குப் போகணும்?"

அவர் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கம்பத்தின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். கொக்கிக்குப் போடுகிற முடிச்சு, பிடித்தால் விடாது. வால்வரை இழுத்து, இழுத்தது போதுமா என்று விரலால் தொடாமல் ஊதிப் பார்த்து, மறுமுனையைக் கட்டி, ஒரு சொட்டுப் பசை.

"நான் எதுக்கு இதைப் பண்றேன்னு எனக்கே தெரியல" என்று முணுமுணுத்தாள். "இது அறுந்தாத்தான் எனக்கு ரூமு."

பரமேஸ்வரன் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீணைத் தந்திபோல் நின்றது.

பேரங்காடியின் இரண்டாம் மாடியில், செருப்புக் கடைக்கும் பிள்ளைகள் ஏறும் ராட்டினத்துக்கும் நடுவில் போட்டி. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று பேரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். சீதாலெட்சுமி பட்டுப்புடவையோடே வந்துவிட்டாள். "நான் ஒடைச்சதை நான் பார்க்காம இருப்பேனா?" என்று காரில் பெட்டியை மடியில் வைத்து வந்தவள் அவள்தான். வழியில் ஒவ்வொரு மேட்டுக்கும் "முருகா" என்றாள்.

படிவத்தில் கடைசி வரியில், ‘இது முழுக்க முழுக்க என் சொந்தக் கைவேலை’ என்று அச்சடித்திருந்தது. அவசரத்தில் பரமேஸ்வரன் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

நடுவர் ரோஸ்லி, விமானப்படையில் இயந்திர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஃபலோவின் முன்னால் வந்ததும் நின்றார். உருப்பெருக்கியை எடுத்தார். ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. விமலனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, இடது கால் கொஞ்சம் வெளிய போகுதே?" என்றார் விமலன்.

"சும்மா இருங்க டாக்டர்" என்றார் ரோஸ்லி. "இதைப் பாருங்க." அவர் மலாயும் ஆங்கிலமுமாகப் பேசப் பேச, சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். இந்த ஊர் வெயிலில் வண்ணம் எப்படி வெளுத்துப் பொடி பூத்துப்போகும் என்று இதுவரை யாரும் இவ்வளவு சரியாகக் காட்டியதில்லை என்றார். வயிற்றிலும் சக்கரத்திலும் இருந்த சிவப்பைக் காட்டி, "இதுதான் நம்ம செம்மண் ஓடுதளம். மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் இப்படித்தான் இருக்கும்" என்றார். கடைசியில் உருப்பெருக்கியை வானொலிக் கம்பிமேல் கம்பத்திலிருந்து வால்வரை ஓட்டினார். "பதினைந்து வருஷமா நடுவரா இருக்கேன். இவ்வளவு விறைப்பா, இவ்வளவு மெல்லிசா ஒரு கம்பி பார்த்ததில்லை. பரமேஸ்வரன், எப்படிப் பண்ணீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

விமலனின் முகம் பல் பிடுங்க உட்கார்ந்தவன் முகம்போல் ஆயிற்று. மூன்று வருஷமாகப் பரமேஸ்வரன் கனவில் கண்ட முகம் அதுதான். முதல் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பின்னறை அதற்குள்ளே இருந்தது.

"அந்தப் பொடி நான்..." என்று பெருமையாக ஒரு குரல் எழுந்தது. சீதாலெட்சுமி. எழுந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. பரமேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். மாதவி அக்காவின் கையை நன்றாகக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல் செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிள்ளு பரமேஸ்வரனுக்குத்தான் வலித்தது. எண்பது ரவிக்கையைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கிறவள். அக்கா வாயைத் திறந்திருந்தால் அறை அவளுக்கு. அவளே மூடிவிட்டாள்.

"எஞ்சிக் ரோஸ்லி," என்று மலாய் மரியாதையோடு கூப்பிட்டார் பரமேஸ்வரன். "அந்தப் படிவத்தைக் கொஞ்சம் குடுங்க. திருத்தணும்."

"என்ன திருத்தணும்?"

"இது முழுக்க என் கைவேலை இல்லை. கம்பி என் மனைவி போட்டது. அந்தப் பொடியும் செம்மண்ணும் அவங்க அக்கா போட்டது. பொடி, திருநீறு. செம்மண், குங்குமம். கால் கோணலும் அக்காதான், எலுமிச்சம்பழத்துல ஏத்தினாங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்லி சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு மற்ற நடுவர்களிடம் போனார். மூன்று தலைகள் சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. விதி விதிதான், தனியாள் பிரிவில் வைக்க முடியாது என்று முடிவாயிற்று. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்ததற்குக் குழுப் பிரிவு ஒன்று உண்டு. வேண்டுமானால் அதில் சேர்க்கலாம்.

சேர்த்தார்கள்.

தனியாள் பிரிவில் விமலன் நான்காவது முறையாக முதல் பரிசு வாங்கினார். குழுப் பிரிவில் முதல் பரிசு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து செய்த ஒரு பீரங்கி வண்டிக்கு. இரண்டாம் பரிசு, ‘பரமேஸ்வரன், மாதவி, சீதாலெட்சுமி குழு’வுக்கு. குழுப் பிரிவில் மொத்தம் இரண்டே குழுக்கள் இருந்தன என்பதை அறிவிப்பாளர் நாகரிகமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் மேடையேறி, பட்டுப்புடவை சரசரக்கக் கோப்பையை வாங்கியது சீதாலெட்சுமி. வாங்கியதும் அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

மின்தூக்கி வாசலில் விமலன் வந்து பரமேஸ்வரனின் தோளைத் தொட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்தத் திருநீறு எந்தக் கோயில்ல வாங்கினது?"

பரமேஸ்வரன் குனிந்து, விமலனின் கையிலிருந்த விமானத்தைப் பல் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "அழகு டாக்டர்" என்றார். "ஆனா பூஜை போடலைலா?"

திரும்பி வரும்போது காரில் சண்டை ஆரம்பித்தது.

"பரிசுன்னா பரிசுன்னு சொன்னே" என்றார் பரமேஸ்வரன்.

"சொன்னேன். யாருக்குக் குடுத்தாங்க? கம்பி நான் போட்டது. சாம்பல் அக்கா போட்டது. நீங்க என்ன போட்டீங்க?"

"பிளாஸ்டிக்கு."

"அதைப் பெட்டிக்காரன் போட்டான்."

பரமேஸ்வரன் வேகத்தைக் குறைத்தார். "ரூமை நீ எடுத்துக்க மாதவி. நெசமாத்தான் சொல்றேன். அந்தக் கம்பியைப் பார்த்தப்பவே எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

மாதவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணும் முழுசா வேணாம். சன்னல் பக்கம் எனக்கு. சுவத்துப் பக்கம் உங்களுக்கு. என் பக்கம் ஒரு துண்டு வந்துச்சு, பெருக்கி வெளியே கொட்டிடுவேன்."

"அப்போ என் பங்கு?" என்று பின்னாலிருந்து கேட்டது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சீதாலெட்சுமி கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கிள்ளானிலேயே வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்பதை இருவருமே மறந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார்கள்.

"என் பேரும்தானே எழுதியிருக்கு? மூணுல ஒரு பங்கு. எனக்கு என்ன, தீபாவளி முறுக்கு டின்னு வைக்க இடம் இல்லை. ஒரு இருபது டின்னு. மூலையில இருந்துட்டுப் போகுது."

அந்தத் தீபாவளிக்குப் பின்னறையில் தையல் இயந்திரம் சன்னலோரம் நின்றது. சுவரோரம் அவருடைய மேசை. நடுவில், நின்றால் நெஞ்சு உயரத்துக்கு முறுக்கு டின். அளவு கொடுக்க வந்தவர்கள் அலமாரிமேல் இருந்த கோணல்கால் விமானத்தைப் பார்த்து என்னவென்று கேட்டால், மாதவி வாயில் குண்டூசியைக் கடித்தபடியே சொல்லுவாள்:

"அது பஃபலோக்கா. பாவம், பறக்கக் கொஞ்சம் சிரமப்படும். அந்தக் கம்பியைப் பார்த்தீங்களா? கையைத் தூக்குங்க."

இராஜம்மாவும் வந்தாள், தீபாவளி ரவிக்கை வாங்க. வாங்கியதும் அங்கேயே அதை உதறினாள். திருப்பி உதறினாள். உள்தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இருக்காதுக்கா" என்றார் பரமேஸ்வரன் தன் மேசையிலிருந்து. "இந்த வாட்டி எல்லாத் துப்பாக்கியும் எண்ணி வச்சிருக்கேன்."

அப்போது உதறிய ரவிக்கையிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு முறுக்குத் துண்டு.